கீழாநெல்லி முதல் டி.பி. வரை.. தேடலாம் வாங்க பாஸ்!

ஹாஸ்டல்ல ஒருத்தனுக்குக் கண்ணு லேசா மஞ்சளா இருந்தா போதும்.. அடுத்த அரை மணி நேரத்துல அந்த ஃப்ளோர் முழுக்க டாக்டர் ஆயிடும்! 'கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடிடா'ன்னு ஒருத்தன். 'எண்ணெய் பலகாரம் பக்கமே போகாதே'ன்னு இன்னொருத்தன். 'எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார், மந்திரிச்சு விட்டா மூணே நாள்ல போயிடும்'னு மூணாவது ஆள். போதாததுக்கு 'இதை 10 பேருக்கு ஃபார்வர்டு பண்ணவும்'னு வாட்ஸ்அப் வேற.

இதுல யார் சொல்றதை நம்புறது? பட்டிமன்றம் நடத்தித் தீர்ப்பு சொல்ற விஷயமா இது? கொஞ்சம் வேற மாதிரி யோசிச்சுப் பாருங்க. கீழாநெல்லியைப் பத்தி உலகத்துல யாராவது முறைப்படி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா?

பண்ணியிருக்காங்க பாஸ். அதுவும் நம்ம சென்னையில இருந்தே! அந்த ஆராய்ச்சியோட சுருக்கத்தை ஒத்தப் பைசா செலவில்லாம, உங்க மொபைல்லயே இப்போ படிக்கலாம். எங்கேன்னு கேட்கறீங்களா? பப்மெட்!

மூட்டை மூட்டையா புத்தகம்.. ஒரே ஒரு தேடல் பெட்டி!

பப்மெட், மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கான ஒரு மெகா அட்டவணை. நடத்துறது அமெரிக்க அரசோட தேசிய மருத்துவ நூலகம். இதுல 3 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகளோட விவரம் இருக்கு. தலைப்பு, எழுதினவங்க பேர், எந்த இதழ், எந்த வருஷம்.. பெரும்பாலானவற்றுக்கு 'அப்ஸ்ட்ராக்ட்' எனப்படும் சுருக்கமும் உண்டு. கட்டணம் கிடையாது, லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது.

இது திடீர்னு முளைச்சது இல்ல. 1879-ல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், உலகத்துல வர்ற மருத்துவக் கட்டுரைகளை எல்லாம் பட்டியல் போட்டு 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற பெயரில் அச்சடிக்க ஆரம்பிச்சார். ஒரு விஷயம் வேணும்னா அந்தத் தடி தடியான வால்யூம்களைப் புரட்டணும். 1964-ல் அது கம்ப்யூட்டருக்கு மாறியது. அப்பவும் கேள்வியை எழுதி அனுப்பிட்டு, பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கணும். 1971-ல் 'மெட்லைன்' என்ற பெயரில் ஆன்லைனுக்கு வந்தது. ஆனா பயிற்சி பெற்ற லைப்ரரியன்கள்தான் அதை இயக்க முடியும். 1997 ஜூன் 26-ல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி அல் கோர் தேடிக் காட்டித் தொடங்கி வைக்க, பப்மெட் எல்லாருக்கும் இலவசம் ஆச்சு. அச்சுப் புத்தகம் 2004-உடன் நின்னு போச்சு.

ஆக, ஒரு காலத்துல பெரிய மெடிக்கல் காலேஜ் லைப்ரரிக்குள்ள இருக்குறவங்களுக்கு மட்டுமே கிடைச்ச விஷயம், இன்னிக்கு டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற உங்க கையில! அதை எப்படிப் பயன்படுத்துறதுன்னு கீழாநெல்லியை வெச்சே பார்த்துடுவோமா?

ஸ்டெப் 1: கேள்வியைச் சரியாக் கேளுங்க

'கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு நல்லதா?' கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தேட உதவாது. ஏன்னா மஞ்சள் காமாலை ஒரு நோய் இல்ல, அறிகுறி. ஏ வகை வைரஸால் வரலாம், பி வகை வைரஸால் வரலாம், பித்தப்பைக் கல்லால்கூட வரலாம். இதுல ஏ வகை, பெரும்பாலானவங்களுக்குச் சில வாரங்கள்ல தானாவே சரியாயிடும். அந்த நேரத்துல கீழாநெல்லி குடிச்சவருக்கும் சரியாகும், குடிக்காதவருக்கும் சரியாகும், மந்திரிச்சுக்கிட்டவருக்கும் சரியாகும்! பேர் வாங்குறது யாருன்னா, கடைசியா எதைச் செஞ்சாரோ அது.

அதனால கேள்வியை நாலு துண்டா உடைக்கணும். யாருக்கு? என்ன சிகிச்சை? எதோட ஒப்பிட்டு? என்ன பலன்? இப்போ நம்ம கேள்வி இப்படி மாறுது: 'பி வகை வைரஸ் உடம்பில் தங்கியிருப்பவர்களுக்கு, கீழாநெல்லி கொடுத்தால், டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, வைரஸ் அதிகமாக நீங்குகிறதா?' கேள்வி தெளிவானாலே பாதி தேடல் முடிஞ்ச மாதிரி.

ஸ்டெப் 2: சரியான பேரைப் பிடிங்க

'கீழாநெல்லி'ன்னு டைப் பண்ணினா பப்மெட் முழிக்கும். அதுக்குத் தெரிஞ்சது தாவரவியல் பேர்தான். 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்'னு ஆங்கிலத்துல கொடுங்க. இந்தக் குடும்பத்துல நெருங்கின சொந்தக்காரங்க பலர் இருக்கிறதால, வெறும் 'ஃபில்லாந்தஸ்'னு மட்டும் கொடுத்தா இன்னும் பரவலாக் கிடைக்கும்.

நோய்ப் பேர்ல இவ்வளவு கவலைப்பட வேண்டாம். 'ஹார்ட் அட்டாக்'னு சாதாரணமா அடிச்சாலே, டாக்டர்கள் எழுதுற 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' கட்டுரைகளையும் சேர்த்துத் தேடித் தரும். எப்படித் தெரியுமா? 'மெஷ்' என்று ஒரு சொல் அகராதி இருக்கு. 1960-ல் ஆரம்பிச்சது. சுமார் 30 ஆயிரம் தலைப்புகள் அதுல இருக்கு. ஒரே விஷயத்தை ஆளாளுக்கு ஒரு பேர்ல எழுதினாலும், எல்லாத்தையும் ஒரே தலைப்பின் கீழ் கட்டி வைக்கிற வேலை அதோடது. இந்தத் தலைப்புகளை மரம் மாதிரி கிளை கிளையா அடுக்கியிருப்பாங்க. டேட்டா ஸ்ட்ரக்சர் படிச்ச மக்கள் உடனே புரிஞ்சுப்பாங்க!

ஸ்டெப் 3: சேர், விலக்கு

ரெண்டு விஷயமும் கட்டாயம் வேணும்னா நடுவுல 'ஆண்ட்'. ரெண்டுல ஏதோ ஒண்ணு போதும்னா 'ஆர்'. ஒண்ணு வேண்டவே வேண்டாம்னா 'நாட்'. மூணையும் ஆங்கிலப் பெரிய எழுத்துல அடிக்கணும், மறந்துடாதீங்க. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் முதல் யூனிட்ல படிச்ச அதே லாஜிக் கேட்தான், இங்கே உயிரோட வேலை செய்யுது! சேர்ந்தே வர வேண்டிய சொற்களுக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுடுங்க.

ஸ்டெப் 4: வடிகட்டுங்க

ரிசல்ட் நூத்துக்கணக்குல கொட்டும். மிரள வேண்டாம். வடிகட்ட ஃபில்டர்கள் இருக்கு. முழுக் கட்டுரையும் இலவசமாக் கிடைக்கிறது மட்டும் வேணுமா? டிக் பண்ணுங்க. குறிப்பிட்ட வருஷம்? டிக். முதல்ல 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ'வை டிக் பண்றது புத்திசாலித்தனம். ஒரே கேள்விக்கு உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒண்ணாத் தேடி, தரம் பார்த்து, மொத்தமா என்ன சொல்லுதுன்னு அலசுற கட்டுரை அது.

சரி, கீழாநெல்லிக்கு என்ன ரிசல்ட்?

1988-ல் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற இதழில் வந்த கட்டுரை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு செஞ்சது. கூட எழுதினவர் யார் தெரியுமா? ஹெபடைடிஸ் பி வைரஸ் ஆராய்ச்சிக்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கின பரூச் ப்ளும்பெர்க்! பி வகை வைரஸ் உடம்பில் தங்கியிருந்தவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தாங்க. பிறகு சோதிச்சப்போ 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் இல்ல. டம்மி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருத்தருக்குத்தான் அப்படி ஆச்சு. அதாவது 59 சதவிகிதம், எதிரே 4 சதவிகிதம்!

இந்த இடத்துல நிறுத்திட்டா என்ன ஆகும்? 'நோபல் விஞ்ஞானியே சொல்லிட்டார்'னு ஒரு சூப்பர் ஃபார்வர்டு ரெடி. ஆனா 'ஆரம்பகட்ட ஆய்வு'ன்னுதான் அந்தக் கட்டுரையிலயே சொல்லியிருக்காங்க. கொஞ்சம் கீழே ஸ்க்ரோல் பண்ணுங்க. 1990-ல் அதே லான்செட்டில் தாய்லாந்துல இருந்து ஒரு ஆய்வு.. அங்கே கீழாநெல்லி அந்தப் பலனைத் தரல. 2011-ல் 'காக்ரேன்' அமைப்பு 16 ஆய்வுகளை, 1,326 நோயாளிகளைச் சேர்த்து அலசியது. டம்மி மருந்தைவிட கீழாநெல்லி குடும்பம் பலன் தருதுன்னு நம்பும்படியான ஆதாரம் இல்லைன்னு முடிவு வந்தது. வைரஸ் மருந்தோட சேர்த்துக் கொடுத்தப்போ பலன் தெரிஞ்ச மாதிரி இருந்தாலும், அந்த ஆய்வுகளோட தரம் போதாதுன்னும் சொன்னாங்க.

பாட்டியைக் குறை சொல்ல இதுல ஒண்ணும் இல்ல. பாட்டி சொன்னதைச் சோதிச்சுப் பார்க்கணும்னு ஒரு சென்னை விஞ்ஞானி கிளம்பினார், அதை இன்னொரு நாட்டுக்காரர் மறுபடி சோதிச்சார், அப்புறம் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தாங்க. விஞ்ஞானம் நடக்கிற விதமே இதுதான். ஒரு கட்டுரையைப் பிடிச்சுக்கிட்டு ஆடாதீங்க, அடுத்த கட்டுரையையும் பாருங்க.

தேடாம விட்டா என்ன ஆகும்?

'இதெல்லாம் சும்மா ஜெனரல் நாலெட்ஜ்'னு நினைக்கிறவங்களுக்கு ஒரு நிஜச் சம்பவம்.

எலன் ரோச். வயசு 24. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆஸ்துமா மையத்தில் லேப் டெக்னீஷியன். 2001-ல் ஆஸ்துமா பற்றின ஒரு ஆய்வுக்கு வாலன்டியரா சேர்ந்தார். உடம்புல ஒரு குறையும் இல்லாத பொண்ணு. மூச்சுக்குழாய் எப்படிச் சுருங்காமல் திறந்தே இருக்குதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் ஆய்வு. மே 4-ஆம் தேதி 'ஹெக்சாமெத்தோனியம்' என்ற மருந்தை மூச்சு வழியா உள்ளே இழுத்தார். அது ஒரு காலத்துல ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த பழைய மருந்து. அடுத்து இருமல் ஆரம்பிச்சது. மே 9-ஆம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. நுரையீரல் செயலிழந்து ஜூன் 2-ஆம் தேதி இறந்துட்டார்.

ஆய்வு நடத்தினவர் முன்கூட்டியே தேடலையா? தேடினார். பப்மெட்டில் தேடினார், ஒரு பாடப்புத்தகத்தையும் பார்த்தார். ஆனா அவர் பார்த்த பதிவுகள் 1966-ல் இருந்து ஆரம்பிச்சவை. இந்த மருந்து நுரையீரலைப் பாதிக்குதுன்னு எச்சரிக்கிற கட்டுரைகள் வந்ததோ 1950-களில்! அவை நூலக அலமாரியில தூங்கிக்கிட்டு இருந்தது. மரணத்துக்குப் பிறகு மத்தவங்க தேடினப்போ அவை கிடைச்சது. அந்த ஜூலையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அரசு நிதியில் மனிதர்கள்மேல் நடந்த ஆய்வுகளை அமெரிக்க அரசு சில நாட்கள் நிறுத்தியே வெச்சது.

இன்னிக்கு பப்மெட்டின் பதிவுகள் 1940-களின் பிற்பகுதி வரை பின்னோக்கிப் போகுது. இருந்தாலும் பாடம் மாறல. 'தேடினேன், கிடைக்கல' என்றால் 'இல்லை'ன்னு அர்த்தம் கிடையாது. எங்கே தேடினோம், எந்த வருஷத்துல இருந்து தேடினோம், என்ன பேர்ல தேடினோம்.. இந்த மூணையும் குறிச்சு வைங்க.

படிக்கும்போது அஞ்சு கேள்வி!

அப்ஸ்ட்ராக்ட் கையில கிடைச்சாச்சு. இங்கிலீஷ் கொஞ்சம் கடிக்கும். ரெண்டு தடவை படிச்சா பிடிபட்டுடும். படிக்கும்போதே இந்த அஞ்சையும் கேட்டுக்குங்க.

ஒண்ணு: ஆய்வு யார்மேல? எலிக்குக் குணமானது மனுஷனுக்கும் ஆகணும்னு கட்டாயம் இல்ல. சோதனைக் குழாய்ல செத்த கேன்சர் செல், உடம்புக்குள்ள சாகணும்னும் இல்ல.

ரெண்டு: எத்தனை பேர்? 12 பேருக்கும் 12 ஆயிரம் பேருக்கும் வித்தியாசம் உண்டு.

மூணு: ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா? யார் எந்தக் குழுன்னு குலுக்கல் முறையில் பிரிச்சாங்களா?

நாலு: காசு கொடுத்தது யார்? மருந்துக் கம்பெனியே செலவு பண்ணியிருந்தா தப்புன்னு இல்ல, ஆனா ரெண்டாவது தடவை கவனமாப் படிங்க.

அஞ்சு: கட்டுரை இன்னும் உயிரோட இருக்கா? தடுப்பூசிக்கும் ஆட்டிஸத்துக்கும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை ஞாபகம் இருக்கா? வெறும் 12 குழந்தைகளை வெச்சு எழுதினது. 2010-ல் லான்செட் அதை வாபஸ் வாங்கிடுச்சு. பப்மெட்டில் அதைத் திறந்தா, வாபஸ் ஆனதுன்னு பளிச்சுன்னு எழுதியிருக்கும். ஃபார்வர்டு மெசேஜ்ல அந்த வரி வராது!

மழைக்காலத்துக்கு ஏத்த ஒரு ப்ராக்டிஸ் சொல்லட்டுமா? வைட்டமின் சி மாத்திரை போட்டா ஜலதோஷம் வராதா? தேடுங்க. 2013 காக்ரேன் ரிவ்யூ கிடைக்கும். 29 ஆய்வுகள், 11,306 பேர். தினமும் சாப்பிட்டாலும் சாதாரண ஆட்களுக்கு ஜலதோஷம் வர்றது குறையல. வந்த ஜலதோஷம் பெரியவங்களுக்கு 8 சதவிகிதம், குழந்தைகளுக்கு 14 சதவிகிதம் சீக்கிரமா விலகியது. மாரத்தான் ஓடுறவங்க மாதிரி உடம்பை வருத்துறவங்களுக்கு மட்டும் ஜலதோஷம் வர்ற வாய்ப்பு பாதியாக் குறைஞ்சது. பார்த்தீங்களா.. 'ஆமா'வும் இல்ல, 'இல்லை'யும் இல்ல. நிஜம் பெரும்பாலும் இப்படித்தான் நடுவுல நிக்கும்.

'காசு கட்டு'ன்னு சொன்னா?

முழுக் கட்டுரையைத் திறக்கப் போனா, சில இதழ்கள் டாலர்ல பில் நீட்டும். பதறாதீங்க, வழி இருக்கு.

பப்மெட்டோட தம்பி 'பப்மெட் சென்ட்ரல்'. 2000-ல் ஆரம்பிச்சது. இங்கே முழுக் கட்டுரையே இலவசம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் பணம் கொடுத்த ஆராய்ச்சிகள், 2025 ஜூலை முதல் வெளியான அன்னிக்கே இங்கே வரணும்னு விதியே போட்டிருக்காங்க. 'யூரோப் பி.எம்.சி.'யிலும் தேடலாம். கூகுள் ஸ்காலர்ல அதே தலைப்பைப் போட்டா, ஆசிரியரே தன் கல்லூரிப் பக்கத்துல போட்டு வெச்ச இலவசப் பிரதி சில நேரம் சிக்கும். எதுவும் கிடைக்கலையா? கட்டுரை எழுதினவருக்கே மரியாதையா நாலு வரி மெயில் போடுங்க. பல பேர் சந்தோஷமா அனுப்புவாங்க.

அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழக மக்களுக்கு இன்னொரு குட் நியூஸ். 2025 ஜனவரியில் மத்திய அரசோட 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் ஆரம்பிச்சாச்சு. 30 பதிப்பாளர்களோட சுமார் 13 ஆயிரம் இதழ்கள் அதுல வருது. உங்க காலேஜ் லிஸ்ட்ல இருக்கான்னு லைப்ரரியன்கிட்ட நேர்ல போய்க் கேளுங்க.

இந்தியாவில் இப்போ என்னென்ன மருந்து ஆய்வு நடக்குதுன்னு தெரியணுமா? 2007-ல் தொடங்கின இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டைப் பாருங்க. 2009 ஜூன் முதல் ஒவ்வொரு புது மருந்து ஆய்வையும் அதுல பதிவு பண்றது கட்டாயம்.

நான் இன்ஜினீயரிங் ஆச்சே.. எனக்கு எதுக்கு?

சரியான கேள்வி. டான் ஸ்வான்சன்னு ஒருத்தர். சிகாகோ பல்கலைக்கழகத்துல தகவல் அறிவியல் பேராசிரியர். டாக்டர் இல்ல. 1980-களில் ரெண்டு விதமான கட்டுரைகளைப் படிச்சார். ஒரு பக்கம், மீன் எண்ணெய் ரத்தத்தின் அடர்த்தியைக் குறைக்குதுன்னு கட்டுரைகள். இன்னொரு பக்கம், குளிர்ல விரல் வெளுத்துப்போற 'ரேனாட்' நோய்க்காரர்களுக்கு ரத்தம் அடர்த்தியா இருக்குன்னு கட்டுரைகள். ரெண்டு கோஷ்டியும் ஒருத்தரை ஒருத்தர் படிக்கவே இல்ல! ஸ்வான்சன் ரெண்டையும் இணைச்சு, 'அப்போ மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாமே'ன்னு 1986-ல் எழுதினார். லேப் இல்ல, நோயாளி இல்ல. வெறும் தேடல். பிறகு நடந்த மருத்துவ ஆய்வு, அவர் யூகத்துக்கு ஆதரவாவே வந்தது. இன்னிக்கு டெக்ஸ்ட் மைனிங் படிக்கிறவங்களுக்கு அவர் ஒரு முன்னோடி. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஐடியா தேடுறவங்க குறிச்சுக்கோங்க!

'ஏ.ஐ. கிட்ட கேட்டா ஒரு செகண்ட்ல சொல்லிடுமே'ன்னு கேட்கலாம். சொல்லும். சில நேரம் உலகத்துலயே இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, ஆசிரியர், வருஷம் எல்லாம் கனகச்சிதமா சொல்லும்! அது கொடுத்த தலைப்பை பப்மெட்டில் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு கட்டுரைக்கும் அங்கே ஒரு தனி நம்பர் உண்டு. நம்பர் சிக்கலைன்னா, மத்த இடத்துலயும் ஒரு தடவை பார்த்துட்டு, நம்பாம நகர்ந்துடுங்க.

முக்கியமான ஒரு விஷயம். படிச்சுட்டு நீங்களே டாக்டர் ஆயிடாதீங்க. அப்பாவோட சுகர் மாத்திரையை நிறுத்துறது, அம்மாவுக்கு டோஸ் மாத்துறது.. மூச்! படிச்சதைப் பேப்பர்ல குறிச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட போய், 'இப்படி ஒரு ஆய்வு வந்திருக்கே சார், எங்க அப்பாவுக்கு இது பொருந்துமா?'ன்னு கேளுங்க. கேள்வி கேட்கிற தைரியத்தைத்தான் பப்மெட் தரும். பதில் சொல்ல, அப்பாவோட உடம்பைத் தொட்டுப் பார்த்த ஆள் வேணும்.

எதுல ஆரம்பிக்கறதுன்னு யோசிக்கறீங்களா? 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்த ஒரு கட்டுரையைத் தேடுங்க. 'தென்னிந்தியா', 'டி.பி.', 'வீடு', 'சானடோரியம்'.. இதுக்கான ஆங்கில வார்த்தைகளைப் போட்டாலே போதும். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல இறங்குறோமே, அந்தப் பேர் வந்ததே காசநோய் மருத்துவமனையாலதான். அந்தக் காலத்துல டி.பி. வந்தா வீட்டை விட்டு சானடோரியத்துக்குப் போய், நல்ல சாப்பாடும் ஓய்வுமா மாசக்கணக்கில் படுத்திருக்கணும். கூலி வேலை பார்க்கிறவன் குடும்பத்தோட கதி?

1956-ல் மெட்ராஸில் ஆரம்பிச்ச காசநோய் ஆய்வு மையம் இதைச் சோதிச்சது. நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பி, மறுபாதிக்கு வீட்டுலயே ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தாங்க. நெரிசலான வீடு, போதாத சாப்பாடு.. இருந்தும் வீட்டுச் சிகிச்சையின் பலன் சானடோரியத்துக்கு ரொம்பப் பக்கத்துல வந்து நின்னது. உலகம் முழுக்க டி.பி. நோயாளிகள் வீட்டுல இருந்தபடியே மருந்து சாப்பிட வழி பிறந்தது இப்படித்தான். அந்த மையம்தான் இன்னிக்கு சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அந்த முழுக் கட்டுரையும் பப்மெட் சென்ட்ரல்ல இலவசமா இருக்கு. நம்ம ஊர் மக்களைப் பத்தி, நம்ம ஊர்ல எழுதினது. இன்னிக்கு நைட்டு டேட்டா தீர்றதுக்குள்ள ஒரு தடவை திறந்து பாருங்க பாஸ்!